பம்பைப் பூட்டி வைத்த வாத்தி நான்தான்



போன கிழமை எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு சின்ன அறிவித்தல் போட்டேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கப் போகிறது, முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளின் பம்பைப் புத்தகப் பையில் வைத்து அனுப்புங்கள் என்று. அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்கள்தான் இந்த நீளமான பதிவுக்குக் காரணம். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம், கோபிக்க மாட்டேன்.

ஒருவர் எழுதினார்: "பம்ப் பழகினா பொறகு விட ஏலா சேர். எங்கட புள்ளைக்கு நாங்க அத குடுக்கிறல்ல." இன்னொருவர்: "வருத்தத்தத் தந்தவன் எடுப்பான்." மூன்றாவது, ஒரு வாப்பா. அவர் குழுவில் எழுதவில்லை, எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார்: "பொம்புளப் புள்ள சேர். நாளைக்கு ஒரு எடத்துல கலியாணம் பேசக்குள்ள இது பெரிய கதையா வரும். குரூப்ல இதெல்லாம் போடாதீங்க." பிள்ளைக்கு வயது 13.

மூன்று பேரும் நல்ல மனிதர்கள். மூன்று பேரும் பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் அந்தப் பிள்ளைகளை ஆபத்தில் வைத்திருக்கிறார்கள். இதை இனிப்பாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மற்றவர்களைக் குறை சொல்ல முதல் என் குற்றத்தைச் சொல்லி விடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தரம் 8 வகுப்பில் ஒரு பையன் நீல நிறப் பம்பை மேசைக்குக் கீழே வைத்து 'உஸ், உஸ்' என்று அடித்துப் பக்கத்தில் இருந்தவனுக்கு வேடிக்கை காட்டிக் கொண்டிருந்தான். நான் பறித்தேன். பிடிபட்ட கைபேசிகளை வைக்கிற அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். அன்று எனக்கு வலயக் கல்விக் காரியாலயத்தில் ஒரு வேலை. சாவி என் சட்டைப் பையில் இருக்க, நான் போய்விட்டேன். இடைவேளைக்குப் பந்து விளையாடிய பையனுக்கு இழுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அலுமாரியைக் காட்டினார்கள், சாவியைக் காணவில்லை. ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான். ஆசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் நான் செய்த ஆகப் பெரிய கெடுதி அதுதான்.

அடுத்த நாள் அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "அத வெச்சிக் குழப்படி செஞ்சிட்டான், மன்னிச்சிக்கங்க சேர்" என்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது.

பேச்சு கொடுத்தேன். வேறு மருந்து ஏதும் எடுக்கிறானா என்று கேட்டேன். "கிளினிக்குல இன்னொரு பம்பும் தந்த, பிரவுண் கலர். அத அடிச்சாலும் ஒண்டும் தெரியல்ல சேர். நீலத்த அடிச்சா டக்கெண்டு லேசாகும். அதால பிரவுண நிப்பாட்டிட்டன்" என்றார்.

இந்த ஒரு வசனத்துக்குள்தான் எங்கள் ஊரின் முழு முட்டுக் கதையும் இருக்கிறது. அந்த உம்மா முட்டாள் இல்லை. கண்ணால் கண்டதை வைத்துத் தீர்மானம் எடுத்திருக்கிறார். எது என்ன வேலை செய்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனால் சுவாசக் குழாயைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து கை பழகியவன். எனவே கேளுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் பைப்பை நினையுங்கள். ஆள் ஒருவர் அதை மிதித்தால் தண்ணீர் நிற்கும். அதே பைப்புக்குள் மாதக் கணக்காகப் பாசி பிடித்தாலும் தண்ணீர் குறையும். முட்டு வருத்தத்தில் இரண்டும் நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, அது மிதித்த கால் மாதிரி. குழாயின் உள்சுவர் வீங்கிச் சளி கட்டியிருக்கிறது, அது பாசி மாதிரி. நீலப் பம்பில் இருக்கிற சல்பியூட்டமோல் காலை மட்டும் எடுத்து விடுகிறது. சில நிமிடத்தில் சுகம் தெரியும், நாலைந்து மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். பாசி அப்படியே இருக்கும். பிரவுண் பம்பில் இருக்கிற பெக்லோமெத்தசோன் போன்ற மருந்து பாசியைக் கழுவுகிறது. அது நாட்கணக்கில், கிழமைக் கணக்கில் செய்கிற வேலை. அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் குணம்.

இழுப்பு இல்லாத நாளில் எடுக்க வேண்டிய மருந்தை, இழுப்பு இல்லை என்பதற்காக நிறுத்துகிறோம். பிறகு ஒரு பனி நாளில், மார்கழி மழையில், ஒரு தடிமலோடு பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. நடுச்சாமத்தில் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். மாஸ்க் போட்டு ஆவி கொடுக்கிறார்கள். மூச்சு லேசாகிறது, வீட்டுக்கு வருகிறோம், அடுத்த மாதம் திரும்ப ஓடுகிறோம். இதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

(நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரை வாசியுங்கள். சிலருக்கு இரண்டு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த பம்ப் கொடுப்பார்கள். அவர்களுக்கு விதி வேறு, கொடுத்த டொக்டரிடமே கேளுங்கள்.)

"பம்ப் பழகிவிடும்" என்ற கதைக்கு வருகிறேன். பிரவுண் பம்ப் பழக்கமாகிற சாமான் இல்லை. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்கு அடிமை என்று யாராவது சொல்கிறோமா? ஆனால் நீலப் பம்பைப் பற்றிப் பயப்பட ஒரு நியாயம் இருக்கிறது, அது நீங்கள் நினைக்கிற நியாயம் இல்லை. நீலம் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் பாசி கூடிக் கொண்டு போகிறது என்று அர்த்தம். கிழமைக்கு இரண்டு தரத்துக்கு மேல் தேவைப்பட்டால் வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லை. 200 தரம் அடிக்கக் கூடிய நீலப் பம்ப் வருடத்துக்கு மூன்று முடிந்தாலே கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது. மாதத்துக்கு ஒன்று முடிந்தால் அது உயிர் ஆபத்து. இதனால்தான் ஆஸ்துமாவுக்கு உலகளாவிய வழிகாட்டல் வெளியிடுகிற 'ஜினா' அமைப்பு, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீலத்தை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்வதை 2019ஆம் ஆண்டிலிருந்து பரிந்துரைப்பதில்லை. பாமசியில் போய் "நீலப் பம்ப் ஒண்டு தாங்க" என்று கடலை வாங்குவது போல வாங்குகிற காக்காமார் இதைக் கவனமாக வாசிக்கவும்.

அடுத்த பயம் ஸ்டீரொயிட். "அதுல ஸ்டீரொயிட் இரிக்காம், புள்ள வளராதாம்." ஒரு கணக்குச் செய்து பாருங்கள். முட்டுக் கடுமையாகி வைத்தியசாலைக்குப் போகிற பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் குளிசை கொடுப்பார்கள். அது 40,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் எடுத்தாலும், குளிசை அதைவிட 100 மடங்கு. அதுவும் உடம்பு முழுக்கப் போகிறது, பம்பின் மருந்து பெரும்பாலும் குழாயோடு நிற்கிறது. சின்ன ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து பெரிய ஸ்டீரொயிட்டை வருடத்துக்கு நாலு தரம் விழுங்குகிறோம். பக்க விளைவே இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். வருடக் கணக்கில் எடுத்த பிள்ளைகளின் உயரம் ஒரு சென்ரிமீற்றர் அளவு குறைந்ததாக ஆய்வுகள் இருக்கின்றன. வாயில் வெள்ளை படியலாம், குரல் கம்மலாம். அதற்காகத்தான் அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்கிறார்கள். ஒரு சென்ரிமீற்றரா, மூச்சா என்று நீங்களே முடிவெடுங்கள். என் மகனாக இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்.

எடுக்கிறவர்களும் சரியாக எடுக்கிறார்களா? என் கண்ணால் கண்டது: பம்பை அடித்தவுடன் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் புகை மாதிரி வெளியே வருகிறது. அந்த மருந்து காற்றுக்கு ஸதகா. பம்பைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக ஆழமாக இழுக்கிற நேரம் அமுக்கி, பத்து வரை எண்ணும் அளவுக்கு மூச்சைப் பிடிக்க வேண்டும். கப்சூல் போட்டுத் திருகி இழுக்கிற கருவி என்றால் இதற்கு நேர்மாறு, பலமாக வேகமாக இழுக்க வேண்டும். ஒன்றுக்கு மெதுவாக, மற்றதற்கு வேகமாக. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்தக் கப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிக் கொண்டிருந்த ஒரு மூத்தவாப்பாவை எனக்குத் தெரியும். மருந்து வேலை செய்யவில்லை என்று நாட்டு வைத்தியரிடம் மாறிவிட்டார்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் வேண்டும். விலை கூட என்பார்கள், உண்மைதான். தென்னாபிரிக்காவில் கேப்டவுனில் 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிச் செய்த ஸ்பேசர், கடையில் விற்கிற ஸ்பேசரைப் போலவே பிள்ளைகளுக்கு வேலை செய்தது. ஓட்டையைச் சுற்றி ஒட்டாமல் விட்டால் பலன் குறைந்தது. வெறும் கப் அதைவிட மோசம். 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால், இது எல்லா உம்மாமாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கைவேலை. ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காய விடுங்கள். துடைத்தால் மின்னேற்றம் வந்து மருந்து சுவரில் ஒட்டிக் கொள்ளும். பலூனைத் தலைமயிரில் தேய்க்கிற அதே சங்கதி.

"டொக்டர்மார் சொல்றல்ல" என்பீர்கள். ஒத்துக் கொள்கிறேன். கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். துண்டில் எழுதியிருப்பது இங்கிலிஷ். பல இடங்களில் டொக்டரின் பாஷை வேறு, எங்கள் பாஷை வேறு. சுகாதாரத்துறை இதற்கு வெட்கப்பட வேண்டும். பம்பைக் கையில் கொடுத்து, அடித்துக் காட்டச் சொல்லிப் பார்க்க ஐந்து நிமிடம் இல்லை, ஆனால் அதே ஆளை மாதா மாதம் படுக்கையில் போட்டுப் பார்க்க நேரமும் காசும் இருக்கிறதா? பின்லாந்தில் 1994இல் பத்து வருடத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். புதிய அதிசய மருந்து ஏதும் கண்டுபிடிக்கவில்லை. வீக்கத்துக்கான மருந்தை நேர காலத்தோடு தொடங்கினார்கள், தன் வருத்தத்தைத் தானே பார்த்துக் கொள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் படிப்பித்தார்கள், அதற்குப் பாமசிக்காரர்களையும் பயிற்றுவித்தார்கள். ஆஸ்துமாவுக்காக வைத்தியசாலையில் படுத்த நாட்கள் பாதிக்கு மேல் குறைந்தன.

பிரித்தானியாவில் 2014இல் ஓர் அறிக்கை வந்தது. ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கதையை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் 45 வீதமானவர்கள் வைத்திய உதவி தேடாமலோ, உதவி வந்து சேருவதற்கு முன்போ இறந்திருந்தார்கள். எப்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய திட்டம் கையில் இருந்தது 23 வீதமானவர்களுக்குத்தான். வைத்தியம் இலவசமான, அம்புலன்ஸ் ஓடி வருகிற நாட்டில் இந்த நிலை.

ஆனால் டொக்டர் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு நாங்கள் தப்பவும் முடியாது. கைபேசி வாங்கினால் கடைக்காரனை அரை மணித்தியாலம் விட மாட்டோம், எல்லாம் கேட்போம். பம்பை வாங்கினால் பைக்குள் போட்டுக் கொண்டு ஓடி வருகிறோம், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

ஆக மோசமான வருத்தம் இந்த ஒளிப்புத்தான். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி கலியாணம் முடித்து ஒன்றரை வருடம் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுத்தான் பம்ப் அடித்தார், மாமியாருக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று. வயிற்றில் பிள்ளை வந்ததும் பிரவுணை நிறுத்திவிட்டார், பிள்ளைக்குக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். கர்ப்ப காலத்தில் கட்டுப்பாடில்லாத முட்டுத்தான் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. உம்மாவுக்கு ஒட்சிசன் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். அவருக்கு ஏழாம் மாதத்தில் ஒட்சிசன் வைக்க வேண்டி வந்தது. மாப்பிள்ளைக்கு நீரிழிவு இருந்தால் "சீனி கொஞ்சம் இரிக்கி" என்று சிரித்துக் கொண்டு சொல்கிற சமூகம் இது. பெண் பிள்ளையின் பம்ப் மட்டும் ஏன் குறை? குரல் பதிவு அனுப்பிய வாப்பாவே, உங்கள் மகளுக்கு நாளைக்கு வரப் போகிற மாப்பிள்ளைக்குப் பயந்து இன்றைக்கு அவள் மூச்சைப் பணயம் வைக்காதீர்கள்.

"தந்தவன் எடுப்பான்" என்றவருக்கு: ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கக் கூடாது என்பதை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடம் இரண்டு கருத்தும் இருக்கிறது. நீங்கள் பின்பற்றுகிறவரிடம் கேளுங்கள். பிரவுண் பம்ப் பெரும்பாலும் நாளைக்கு இரண்டு தரம்தான், ஸஹருக்கு ஒன்று, இப்தாருக்குப் பிறகு ஒன்று என்று வைத்துக் கொண்டால் சண்டையே இல்லை. பகலில் கடும் இழுப்பு வந்தால் நீலத்தை அடிக்க வேண்டும். முறியும் என்ற கருத்துப்படி பார்த்தாலும் கழாச் செய்ய இடம் இருக்கிறது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை நாங்கள் ஏன் திருப்பிக் கொடுக்கிறோம்? மஃரிப் வரை இழுத்துக் கொண்டே கிடப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புகையைப் பற்றி அதிகம் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். நுளம்புத்திரி, சாம்பிராணி, வளவில் குப்பை எரிப்பது. பிள்ளைக்குத் தயிரையும் வாழைப்பழத்தையும் தடை செய்துவிட்டுக் கடப்படியில் நின்று சிகரெட் குடிக்கிற வாப்பாமாருக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

இழுப்பு வந்தால் செய்ய வேண்டியதை மட்டும் மனதில் எழுதிக் கொள்ளுங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒன்று ஒன்றாக அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. டொக்டர் எழுதித் தந்த அளவு இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் நாலிலிருந்து பத்து வரை கொடுக்கலாம். லேசாகாவிட்டால் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுபட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொண்டிருக்காமல் முதலே அடியுங்கள். வண்டி வரும் வரை பம்பைத் தொடருங்கள். இன்னொன்று, 'கீய்ங்' என்ற சத்தம் நின்று பிள்ளை சோர்ந்து போனால் சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காற்று ஓடாவிட்டால் சத்தமும் வராது. ஆகப் பயங்கரமான கட்டம் அதுதான்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஒரு தாளும் பேனையும் கொண்டு போங்கள். நல்லா இருக்கிற நாளில் என்ன எடுப்பது, இருமல் கூடினால் என்ன கூட்டுவது, எந்த அடையாளம் கண்டால் ஓடி வருவது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை, கேளுங்கள். தலைவலிக்கோ கைநடுக்கத்துக்கோ புரோப்ரனோலோல் எழுதினால் முட்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கள் பாடசாலையில் அதிபரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பம்ப் பிள்ளையின் பையில், பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எந்த ஆசிரியரும் பறிக்க மாட்டார். காரியாலயத்தில் மேலதிகமாக ஒரு நீலப் பம்பும் ஸ்பேசரும், பூட்டில்லாத லாச்சியில்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை விஞ்ஞான கூடத்துக்கு வாருங்கள். கிளினிக்கில் வேலை செய்கிற நேர்ஸ் ஒருவர் வந்து பம்ப் அடிக்கிற முறையைப் பார்த்துத் திருத்தித் தருவார். பெண்களுக்குத் தனி அறை. பெயர் பதிகிற வேலை இல்லை, ஒருவரும் படம் எடுக்க மாட்டோம். வீட்டில் இருக்கிற எல்லாப் பம்பையும், அலுமாரிக்கு மேலே உடைக்காமல் வைத்திருக்கிற பிரவுணையும் சேர்த்து, அப்படியே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். திகதி முடிந்ததா என்று பார்க்கலாம். போத்தல் ஸ்பேசர் செய்ய நான் பசையோடு இருப்பேன், 500 மில்லிலீற்றர் வெறும் போத்தல் ஒன்று கொண்டு வாருங்கள்.